மூன்றாவது கை



பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். பத்திரிகைக்காரி என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் என்னை நடுவராக உட்காரவைத்துவிட்டார்கள். மொத்தம் 38 தாள்கள். தலைப்பு: 'எனக்குப் பிடித்த இடம்'.

புரட்டப் புரட்ட எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே இடம்தான். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஓலைக் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. எங்கள் பேட்டையில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. இருப்பது ஒரு கால்வாய். அதை யாருக்கும் பிடிக்காது.

பெற்றோர் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு அம்மா மட்டும் மெதுவாக உள்ளே வந்து, மகனின் தோளுக்கு மேல் குனிந்தார். "சூரியனப் பாருடா, கோழிமுட்டை மாதிரி இருக்கு." சொல்லிக்கொண்டே கையிலிருந்த வளையலைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். பையன் அதைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினான். அச்சு அசலான வட்டம். ரப்பர் தேய்த்த இடத்தில் பழைய முட்டைச் சூரியனின் தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நான் யார்? என் மகளுக்கு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டுக் கொடுத்தவள்தான் நானும்.

ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரும்வரை அந்த வளையல் கையே கண்ணில் நின்றது. கூடவே எப்போதோ படித்த இன்னொரு கையும் ஞாபகம் வந்தது. 'மூன்றாவது கை' என்று அதற்குப் பெயர். அப்படிப் பெயர் வைத்தவர் ஈடித் கிராமர். அமெரிக்காவில் ஆர்ட் தெரபி என்ற துறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். இந்த மாதம் அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேசப்போகிறேன்.

ஆர்ட் தெரபி என்ற சொல் இப்போது நம் காதுக்குப் பழகிவிட்டது. புத்தகக் கடைக்குப் போனால் பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதற்கான மண்டலா புத்தகத்தின் அட்டையிலும் அதே சொல்தான். மனசு லேசாகிறதா, தாராளமாகத் தீட்டுங்கள். ஆனால் அது தெரபி இல்லை. சுக்குக் காபி குடித்தால் இதமாக இருக்கிறது என்பதற்காகச் சுக்கு விற்கிறவரை டாக்டர் என்போமா?

இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்திருந்தவர், பொழுது போகாமல் வரைய ஆரம்பித்தார். அது தன் உடம்பு தேறவும் துணையாக இருப்பதை உணர்ந்து பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். 1942இல் அதற்கு ஆர்ட் தெரபி என்று பெயர் சூட்டினார். கிராமர் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்த வழி வேறு.

கிராமர் 1916இல் வியன்னாவில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களிலேயே ஃப்ரீடல் டிக்கர் என்ற பெண் ஓவியரிடம் வரையக் கற்றுக்கொண்டார். ஃப்ரீடல் சாதாரண டீச்சர் இல்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்தவர், இடதுசாரி. 1934இல் ஆஸ்திரியாவில் கைதாகி, விடுதலையான பிறகு ப்ராக் நகருக்குப் போய்விட்டார். மாணவியும் பின்னாலேயே போனார். ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஃப்ரீடல் அங்கே ஓவிய வகுப்பு நடத்தினார். ஈடித் கூடமாட ஒத்தாசை.

வீட்டை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவந்த குழந்தை என்ன வரையும்? சில பிள்ளைகள் ஒன்றுமே வரையாது. சில பிள்ளைகள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரையும். துன்பப்பட்ட குழந்தையின் கை எப்படி இறுகிப்போகிறது, மறுபடி எப்படி இளகுகிறது என்பதை இருபது வயதுகூட ஆகாத ஈடித் அருகிலிருந்து பார்த்தார். பின்னாளில் அவர் எழுதியதற்கெல்லாம் விதை அந்த வகுப்பறையில் விழுந்தது.

1938இல் ஈடித் நியூயார்க்குக்குத் தப்பிவிட்டார். ஃப்ரீடல் தப்பவில்லை. 1942 டிசம்பரில் கணவரோடு நாஜிகளின் டெரெசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஆளுக்கு 50 கிலோ மூட்டைதான் கொண்டுபோகலாம். நாமாக இருந்தால் எதை எடுத்து வைப்போம்? கம்பளி, ரொட்டி, மருந்து. ஃப்ரீடல் தன் மூட்டையில் முடிந்தமட்டும் தாளும் வண்ணமும் அடைத்துக்கொண்டு போனார். முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்காக!

தாள் தீர்ந்தபோது அலுவலகத்தில் எறிந்த கணக்குப் படிவங்களின் பின்பக்கத்தில் வரைய வைத்தார். கிழித்து ஒட்டிப் படம் செய்ய வைத்தார். ஒவ்வொரு படத்திலும் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்று சொன்னார். மனிதர்களை எண்களாக்கிவிட்ட இடத்தில் ஒரு தாளின் மூலையிலாவது பெயர் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் போலும். பிள்ளைகளை ஓவியர்களாக்குவது அவர் நோக்கமல்ல. அவர்களுக்குள் இருக்கும் சக்தி வற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அங்கே கிளம்புவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்களை டெரெசினிலேயே விட்டுவிட்டுப் போனார். அவை பிழைத்தன. இன்றும் ப்ராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. (இந்தப் பத்தியை எழுதிவிட்டு நான் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.)

நியூயார்க்கில் ஈடித் ஒரு பள்ளியில் சிற்பம் சொல்லிக்கொடுத்தார். போர்க்காலத்தில் லேத்துப் பட்டறை போன்ற ஓர் இயந்திரக் கூடத்தில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல், வேலை செய்பவர்களை வரைந்துகொண்டிருப்பாராம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். தெரபிஸ்ட் ஆனபிறகும் கடைசிவரை அவர் தூரிகையை வைக்கவில்லை. தெரபிஸ்ட் முதலில் கலைஞராக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அடுப்படிப் பக்கமே போகாதவர் சமையல் சொல்லித்தர முடியுமா?

1950இல் வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்தது. நியூயார்க் தெருக்களில் சண்டை, திருட்டு என்று மாட்டிக்கொண்டு கோர்ட் அனுப்பிவைத்த பையன்கள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். நிறையப் பேர் கறுப்பினப் பிள்ளைகள். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் அந்தப் பள்ளிக்குப் பெரிய ஆதரவாளர். தன் வீட்டுக்கு அழைத்து அந்தப் பையன்களுக்கு விருந்து வைப்பவர். அந்தப் பள்ளியில் ஈடித்துக்கு ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பதவிப்பெயரே கொடுத்தார்கள். ஏழு வருஷ அனுபவத்தை 1958இல் புத்தகமாக எழுதினார். பிறகு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக் குழந்தைகள், பார்வையற்ற குழந்தைகள் என்று வேலை விரிந்தது. பார்வையற்ற பிள்ளைகள் களிமண்ணைத் தடவித் தடவி உருவம் செய்வார்கள்; அதையும் அவர் கலை என்றே பேசினார். 'பாவம், பொழுதுபோக்கு' என்று ஒதுக்கவில்லை.

சரி, அறைக்குள் ஈடித் என்னதான் செய்வார்?

முதலில், என்ன செய்யமாட்டார் என்று சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லமாட்டார். நம் வீடுகளில் இது ஒரு வியாதியாகப் பரவிவிட்டது. குழந்தை கறுப்பு கிரேயானை எடுத்தால் போதும், 'உங்கள் குழந்தையின் மனச்சோர்வுக்கான ஐந்து அறிகுறிகள்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கதவில்லாத வீடு வரைந்தால் பாசம் குறைவு, பெரிய கை வரைந்தால் அடி வாங்குகிற பிள்ளை! யானையை வரைந்த பிள்ளைக்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

படங்களை மனசின் ரகசிய மொழியாகப் பார்க்கும் போக்கு ஒன்று ஆர்ட் தெரபியிலும் உண்டு. ஈடித்துக்கு முந்தைய முன்னோடியான மார்கரெட் நாம்பர்க் அந்தப் பக்கம். ஆனால் அவரும்கூட அர்த்தத்தைத் தானாகச் சொல்லிவிடமாட்டார். வரைந்தவரே பேசிப் பேசிக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பார். ஈடித்தின் கருத்து வேறு மாதிரி. குணமாக்குவது பேச்சு இல்லை, வரைகிற வேலையேதான் என்றார். ஒரு குழந்தை தன் பயத்தையோ கோபத்தையோ எடுத்து, அதற்கு உருவம் கொடுத்து, முடித்து, 'இது நான் செய்தது' என்று நிமிர்ந்து பார்க்கிறதே, அந்த நிமிஷத்தில் உள்ளே ஏதோ ஒன்று பலப்படுகிறது என்பது அவர் அனுபவம்.

'கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடு, சரியாகிவிடும்' என்று நாம் சொல்கிறோம் இல்லையா? ஈடித் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயின்ட்டை வீசி அடிப்பது, களிமண்ணை ஓங்கிக் குத்துவது இவையெல்லாம் ஓரளவுக்குத் தேவைதான். ஆனால் கொட்டுவதோடு நின்றுவிட்டால் குழந்தை இன்னும் மிரண்டுதான் போகும் என்றார். அதே களிமண் பல்லைக் காட்டும் ஒரு டிராகனாக எழுந்து நிற்க வேண்டும். அப்போது கோபம் எங்கேயும் போய்விடவில்லை. அது நிற்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

இப்போது நம் மலை, சூரியனுக்கு வருவோம். குழந்தைகள் வண்ணத்தையும் மண்ணையும் எப்படியெல்லாம் கையாள்கிறார்கள் என்று ஈடித் ஐந்து விதமாகப் பிரித்துப் பார்த்தார். கிறுக்குவதும் பூசிப் பார்ப்பதும் ஆரம்பம். கொட்டுவது, உடைப்பது இன்னொன்று. காப்பியடிப்பது, ஒரே படத்தை அச்சுப்போலத் திரும்பத் திரும்ப வரைவது மூன்றாவது. வார்த்தைக்குப் பதிலாக ஒரு சேதி சொல்வதற்கு மட்டும் வரைவது உண்டு. கடைசியாக, தன் உணர்ச்சிக்குத் தானே முழுசாக உருவம் கொடுப்பது. அதைத்தான் அவர் கலை என்றார்.

மூன்றாவது வகையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. அச்சுப் படம் வரைகிற குழந்தை சோம்பேறி இல்லை. கற்பனை இல்லாததும் இல்லை. அந்தப் படம் அதற்கு ஒரு கவசம். 'தப்பு' என்று யாரும் சொல்ல முடியாத படம் அது. இரண்டு மலைக்கு நடுவே சூரியன் வரைந்தவனை இதுவரை யாராவது திட்டியிருக்கிறார்களா? ஆகவே அந்தக் கவசத்தைப் பிடுங்கக்கூடாது. குழந்தை தானாகக் கழற்றும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் தெரபிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. அதற்குத்தான் மூன்றாவது கை.

ஒரு பிள்ளை களிமண்ணில் குதிரை செய்கிறது. உடம்பு கனமாகி, கால் மடங்கி, குதிரை உட்கார்ந்துவிடுகிறது. இன்னும் அரை நிமிஷத்தில் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பிசைந்து தூக்கி எறிந்துவிடும். அப்போது ஒரு கை வந்து வயிற்றுக்கு அடியில் ஒரு குச்சியை முட்டுக்கொடுக்கிறது. அவ்வளவுதான். குதிரையின் மூஞ்சி கோணலாக இருக்கிறதா, இருக்கட்டும். அதைத் தொடாது. பிள்ளை தேடுகிற அந்தப் பச்சை வரவில்லையென்றால் கலந்து கொடுக்கும். ஆள் வரைந்துகாட்டச் சொல்லிக் கேட்டால், வரைந்துகாட்டும். ஆனால் அந்தப் பிள்ளை வரைகிற பாணியில். தெரபிஸ்ட் தன் திறமையைக் காட்டுகிற இடம் அது இல்லை. பிள்ளையின் இரண்டு கையோடு சேர்ந்து மூன்றாவதாக வேலை செய்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் விலகிவிட வேண்டும்.

வளையல் வைத்த கையும் உதவத்தான் வந்தது. ஆனால் அது யாருடைய சூரியனைக் காப்பாற்றியது?

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்போ என் பிள்ளையையும் ஒரு ஆர்ட் தெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா?' என்று கேட்காதீர்கள். வரைகிற பிள்ளைக்கெல்லாம் தெரபி தேவையில்லை. ஒரு இழப்புக்குப் பிறகு பேச்சே நின்றுபோன குழந்தை, ஸ்ட்ரோக் வந்து வார்த்தை கிடைக்காமல் தவிக்கிற அப்பா, நினைவு மங்கிவரும் பாட்டி, புற்றுநோய் வார்டில் மாதக்கணக்கில் படுத்திருப்பவர், இப்படி 'சொல்லு, சொல்லு' என்று கேட்டுப் பயனில்லாத இடங்களில் இது கைகொடுக்கிறது. மருந்துக்கும் மனநல மருத்துவருக்கும் பதிலாக அல்ல, கூடவே.

போகவேண்டி வந்தால் கொஞ்சம் விசாரியுங்கள். அமெரிக்காவில் முதுகலைப் படிப்பு முடித்துத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். பிரிட்டனில் முறைப்படி பதிவு செய்யாதவர் ஆர்ட் தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டினால் சட்டப்படி குற்றம். வார இறுதியில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் போய் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வந்தவரும் தெரபிஸ்ட்தானா? எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தீர்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கல்யாணத்துக்கு மேளக்காரரை ஏற்பாடு செய்யும்போதுகூட நாலு இடத்தில் விசாரிக்கிறோமே!

இன்னொன்றும் கேளுங்கள்: 'என் பிள்ளையின் படத்தை என்ன செய்வீர்கள்?' நல்ல தெரபிஸ்ட், அது வரைந்தவருக்குச் சொந்தம் என்பார். பெயர் எழுதி, கோப்பில் பத்திரமாக வைப்பார். வரைந்தவர் சம்மதமில்லாமல் அடுத்தவருக்குக் காட்டமாட்டார். படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு லைக் வாங்குகிறவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஈடித் 1970களில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை உருவாக்கி, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். வயதான காலத்தில் ஆஸ்திரியாவுக்கே திரும்பி, 2014இல் தன் 97ஆவது வயதில் காலமானார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. கலை கலை என்று உயர்த்திப் பிடித்ததில், சும்மா கிறுக்கிவிட்டு எழுந்துபோகும் சுகத்துக்கு அவர் கொஞ்சம் குறைவாகத்தான் மார்க் போட்டார் என்று தோன்றுகிறது. போனில் பேசிக்கொண்டே பால் கணக்கு நோட்டில் நான் போடும் சுழிகளுக்கு அவர் எந்த வகையில் இடம் கொடுத்திருப்பாரோ!

போட்டி முடிவைக் கேட்கிறீர்களா? முதல் பரிசு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டி இடுக்கை வரைந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு. அங்கேதான் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். பூனை பார்ப்பதற்குப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. 'இதுக்கா ஃபர்ஸ்ட் பிரைஸ்?' என்று இரண்டு அப்பாக்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் என்னை நடுவராகக் கூப்பிடமாட்டார்கள்.

கடைசியாக ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நம் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் 'வண்ணம் தீட்டி மகிழுங்கள்' என்று ஒரு கட்டம் வரும். பல வருஷமாக வருகிறது. போன மாத இதழை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன். அச்சடித்து உங்கள் வீட்டுக்கு அனுப்பியதே நான்தான்!

அடுத்த இதழில் அந்த இடத்தில் வெறும் கட்டம் மட்டும் இருக்கும். கீழே பெயர் எழுத ஒரு கோடு. அச்சுப்பிழை என்று நினைத்து ஆபீஸுக்குப் போன் செய்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்